சம்பந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்

ஊசி போடத் தொடங்கிய பிறகு என்னை விட்டு முதலில் போனது வலி. பலம் போனது அதற்கப்புறம்தான். இந்த வரிசையை மாற்றாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலம் போன கதையை எடுத்தால் வலி போனது எனக்கே மறந்துவிடுகிறது. உட்கார்ந்தாலும் எழுந்தாலும் இடுப்பு எலும்புக்குள் ஆணி இறங்குவதுபோல இருந்த வலி அது. மருந்து உள்ளே போன சில வாரங்களில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டது. அதற்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில் எங்களுக்கு லாரி டயர் கடை. பஞ்சர் ஒட்டுவது, டயர் மாற்றுவது, தேய்ந்த டயரைப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங்குக்கு அனுப்பி வாங்கிக் கொடுப்பது. இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். நான் பார்த்த காலத்தில் லாரிச் சக்கரத்தை ரிம்மோடு தனியாளாக உருட்டிக்கொண்டு வந்து, அடியில் லிவர் கம்பியைக் கொடுத்து, தொடையை முட்டுக் கொடுத்து மேலே ஏற்றிவிடுவேன். துருப்பிடித்த நட்டு எதுவானாலும் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று ஒரு மிதி. அண்ணன் கை வைத்தால் நட்டு தானாகக் கழன்றுவிடும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். வயது அறுபதைத் தாண்டியும் அந்தப் பேச்சு ஓய்ந்திருக்கவில்லை.

அதனால்தான் இடுப்பு வலி வந்தபோது தொழில் கொடுத்த வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனதை வயது என்று நினைத்தேன். என் மனைவிதான் ஒருநாள் சோறு போடாமல் உட்கார்ந்துகொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால்தான் இலை என்று சொல்லிவிட்டாள். சேலத்தில் ரத்தம் எடுத்தார்கள், சோதனைக்குச் சதை எடுத்தார்கள், எலும்பையெல்லாம் படம் பிடித்தார்கள். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவியிருக்கிறது.

டாக்டர் நிதானமான மனிதர். படத்தை மேசைமேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஆம்பளைங்களுக்கு உடம்புல ஊறுற ஹார்மோன்தான் இந்த நோய்க்குத் தீனி. ஊசி போட்டு அது ஊறுறத நிறுத்திடுவோம். கூடவே மாத்திரையும் இருக்கு. தீனி இல்லாம நோய் அடங்கிக் கிடக்கும். அடியோட போயிடும்னு சொல்ல மாட்டேன். பல வருஷம் அடக்கி வைக்க முடியும்."

அதற்குப் பிறகும் அவர் பேசினார். சதை குறையும், பலம் குறையும், எலும்பு இளைக்கும், நடக்க வேண்டும், உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்றெல்லாம் சொன்னதாக மனைவி பிற்பாடு சொன்னாள். என் காதில் விழுந்தது 'பல வருஷம்' என்ற ஒரு சொல்தான். அதைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

முதலில் வந்தது வெப்பம். மார்கழிக் காலையில், தெருவே சால்வை போர்த்திக்கொண்டு நடக்கும்போது, நான் பனியனோடு வாசலில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோலம் போட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்து, கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏனுங்க, எனக்கு அம்பது வயசுல வந்தது உங்களுக்கு இப்ப வந்திருக்குதுங்க."

"என்னது?"

"மாசக்கணக்கு நின்னப்ப எனக்கு இப்படித்தான். நெஞ்சுல கெளம்பி கழுத்து, மூஞ்சி, காதுன்னு குப்புகுப்புன்னு ஏறும். அப்பறம் வேர்த்து ஊத்தும். செத்த நேரத்துல எறங்கிரும். பயப்படாதீங்க."

உள்ளே போய் ஈரத்துண்டு கொண்டுவந்து பிடரியில் போட்டுவிட்டாள். காப்பியைக் குறைக்கச் சொன்னாள், பருத்திச் சட்டையாக எடுத்து வைத்தாள். எந்த நேரத்தில் ஏறும், எப்படி இறங்கும் என்று அவள் சொன்னபடியே நடந்தது. நான் போக வேண்டிய வழியில் முன்னாலேயே போய்வந்த ஆள் என் வீட்டுக்குள்ளேயே இருந்தாள் என்பதை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

பலம் போனதை மட்டும் அவளுக்கும் சொல்லவில்லை. ஒருநாள் ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டில் ஏற்றப் பார்த்தேன், ஏறவில்லை. தண்ணீர்க் கேனை இடுப்பு உயரம் தூக்கினேன், பாதியில் கை திறந்துகொண்டது. பஸ் படிக்கட்டில் காலை வைத்துவிட்டால் அடுத்த கால் தானாக வந்துவிடும் என்று அறுபது வருஷமாக நம்பியிருக்கிறேன். இப்போது கம்பியைப் பிடித்து இழுத்தால்தான் உடம்பு மேலே வருகிறது. களைப்பாக இருந்தால் உட்கார்ந்து ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். இது எத்தனை ஓய்வெடுத்தாலும் சரியாகவில்லை. வலியில்லை, நடுக்கமில்லை. தொடைக்கு நான் சொல்லும் சொல் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். வயிறு மட்டும் கொஞ்சம் பெருத்தது. குளிக்கும்போது தொடையைப் பார்த்தால் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டுக் கழிப்பறை குந்தி உட்காரும் பழைய மாதிரி. அங்கேயிருந்து எழுந்திருக்கக் குழாயைப் பிடித்துத் தொங்க ஆரம்பித்தேன். ஒருநாள் குழாய் ஆடிக்கொண்டிருந்ததை மகன் பார்த்திருக்க வேண்டும். அடுத்த வாரம் கொத்தனாரோடு வந்து நின்றான்.

"அம்மாவுக்கு முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டே இருக்குதுங்கப்பா. மேல உக்கார்ற மாதிரி மாத்திரலாம்."

அவன் அம்மாவுக்கு முழங்கால் வலி எதுவும் இல்லை. சமையலறையிலிருந்து அவள், "ஆமாஞ்சாமி, நெம்ப வலி," என்றாள். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் சேர்த்து வைத்தார்கள். அதுவும் அவளுக்காகத்தான்.

இனி சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகளைக் கட்டிக்கொடுத்தது பக்கத்து ஊரில், பைக்கில் போனால் சட்டென்று போய்விடலாம். கோழிப்பண்ணை வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். எங்கள் பக்கத்தில் சம்பந்தி என்றால் மரியாதை. மரியாதை என்றால் தூரம். அவர் வந்தால் என் மனைவி புடவை மாற்றுவாள், நான் போனால் அவர் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வருவார். "வாங்க சம்மந்தி." "வந்தேனுங்க." "உங்க பக்கம் மழை எப்படிங்க?" "பரவால்லீங்க." அதற்குப் பிறகு இரண்டு பேரும் காப்பி வரும் வரை டிவியைப் பார்ப்போம். அவர் மனைவி காலமானபோது போய்க் கையைப் பிடித்துவிட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவ்வளவுதான். என் நோயைப் பற்றி அவர் வீட்டில் மாப்பிள்ளைக்கு மேல் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று மகளிடம் சொல்லியிருந்தேன்.

பேரனுக்குக் காது குத்தினார்கள். அவர்கள் குலதெய்வம் கோயிலில், வயல்களுக்கு நடுவே. கோயிலை ஒட்டி ஒரு மண்டபம். நாங்கள் தாய்மாமன் வீடு, சீர்த் தட்டுகளோடு போய் இறங்கினோம். மண்டபம் முழுக்க ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கீழே உட்கார்ந்திருந்தார்கள். யாரோ எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"வேண்டாம், நான் நல்லாத்தான இருக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட விழுந்தேன் என்பது சரி. யாரும் கவனிக்கவில்லை.

என் மகன் மடியில் பேரனை உட்கார வைத்து, வாயில் வெல்லம் கொடுத்து, ஆசாரி காதைக் குத்தினார். பையன் போட்ட சத்தத்தில் வெல்லம் வெளியே வந்து விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பந்தி போட்டாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். கூட்டம் மொத்தமாக எழுந்தது.

நான் இடது கையை ஊன்றினேன். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு கையையும் ஊன்றினேன். இடுப்பு கொஞ்சம் மேலே வந்து, திரும்பவும் ஜமுக்காளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. தவழ்கிற மாதிரித் திரும்பி மண்டி போட்டால் எழுந்துவிடலாம். வீட்டில் அப்படித்தான் செய்வேன். ஆனால் இங்கே சம்பந்தி வீட்டு உறவுகள் எல்லாம் நிற்கிறார்கள். வீடியோ எடுப்பவர் வேறு சுற்றிக்கொண்டிருக்கிறார். மனைவி பெண்கள் கூட்டத்தோடு வெளியே போய்விட்டாள்.

"வாங்க மாமா, சாப்புடலாம்," என்று ஒருவர் நின்றார்.

"நீங்க போங்க, வாரேன்."

இன்னொருவர் வந்தார். அவருக்கும் அதையே சொன்னேன். இன்னும் கொஞ்ச நேரம் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. நான்கு பேர் ஓடிவருவார்கள், கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவார்கள், என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று மண்டபமே கூடும். ஈரத்துண்டு இல்லாத நேரத்தில் அந்த வெப்பமும் நெஞ்சில் கிளம்பியது. முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுப் பந்திக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் சம்பந்தி. விசேஷத்துக்கு அவர்தான் பெரியவர், அவர் அந்த இடத்தை விட்டு நகரவே கூடாது. அங்கிருந்து என்னைப் பார்த்தார். மெதுவாக உள்ளே வந்தார். கை கொடுத்துத் தூக்கப்போகிறார் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்.

"காத்தால இருந்து நின்னுட்டே இருக்கறனுங்க சம்மந்தி. காலு கடுக்குது. உங்களோட செத்த உக்காந்துக்கறேன்."

நான் அதை அப்படியே நம்பினேன். வெளியேயிருந்து அவர் தம்பி வந்து, "எல்லாரும் உங்களத் தேடறாங்கண்ணா," என்றார்.

"நாங்க அடுத்த பந்திக்கு வாரோம். பேசிட்டு இருக்கறோம், போ."

பேசவும் செய்தார். லாரி டயரில் காற்று எவ்வளவு வைத்தால் வெயில் காலத்தில் வெடிக்காது என்று கேட்டார். வெயிலில் கோழிகள் வாயைத் திறந்துகொண்டு நிற்பதையும், கூரைமேல் தண்ணீர் தெளிப்பதையும் சொன்னார். நான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னேன். அவர் துண்டைத்தான் என் கையில் கொடுத்திருந்தார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். இரண்டு பேரும் சிரிக்கக்கூடச் செய்தோம். வந்து எட்டிப் பார்த்தவர்கள், சம்பந்திகள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று திரும்பிப் போனார்கள்.

மண்டபம் காலியானதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இப்பப் போலாமுங்களா? நீங்க அக்கட்ட திரும்பி மண்டி போடுங்க. நானும் போடறேன். என் தோளப் புடிச்சுக்குங்க. எனக்கும் முட்டி சரியில்லீங்க, நீங்க எந்திரிச்சாத்தான் நானும் எந்திரிக்க முடியும்."

அவரைப் பிடித்து நானும், என்னைப் பிடித்து அவரும் எழுந்தோம். அவர் முழங்கால் படீரென்று சொடுக்கியது. "உசுரோடதான் இருக்குது," என்றார். என் வேட்டியின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டார். பந்தியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார், அதுவும் மேசை போட்ட வரிசையில்.

மறுநாள் காலையில் முன்னறிவிப்பு இல்லாமல் எங்கள் வீட்டு வாசலில் அவருடைய மொபெட் வந்து நின்றது. பின்னால் ஒரு அட்டை முட்டை. மனைவி புடவை மாற்ற உள்ளே ஓடினாள். அவர் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. இனி நான் அடிக்கடி வாரதுதான். எத்தனை சீலை மாத்துவீங்க?"

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு என்ன சீக்குன்னு எனக்குத் தெரியுமுங்க சம்மந்தி. நேத்து ராத்திரி மருமகளக் கேட்டேன். அழுதுட்டே சொல்லுச்சு. அதும் மேல கோவிச்சுக்காதீங்க. காலு இப்படி இருக்கறத டாக்டருகிட்டச் சொன்னீங்களா?"

"இல்லீங்க. நோயே அடங்கி இருக்குது. இதப் போயி என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"எம் பண்ணையில ஒரு கோழி காலு மடங்கி உக்காந்துட்டாலே நான் டாக்டருக்குப் போன் போடறனுங்க."

என் மனைவி அவரைப் பார்த்த பார்வையை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. பல மாதமாக அவள் சொல்ல நினைத்ததை வேறொருவர் சொல்லிவிட்டார். அன்றே மூவரும் சேலம் கிளம்பினோம்.

டாக்டர் கோபப்படவில்லை. கால் மரத்துப்போகிறதா, சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடிகிறதா என்று கேட்டார். முதுகில் நரம்பு எதுவும் நசுங்கவில்லை என்று படம் பிடித்து உறுதி செய்துகொண்டார். எலும்புக்கு மாத்திரை எழுதினார். "நோய் செஞ்ச வேல இல்ல, மருந்து செஞ்ச வேலதான். இதுக்கு மருந்து உடற்பயிற்சி," என்று பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தது ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். என் மகளைவிடச் சின்னவள். ஒரு நாற்காலியைக் காட்டினாள்.

"கையை நெஞ்சு மேல கட்டிக்குங்க ஐயா. ஊனாம எழுந்திருங்க பாக்கலாம்."

எழ முடியவில்லை. அவள் இரண்டு போர்வைகளை மடித்து நாற்காலிமேல் வைத்து உயரமாக்கினாள். இப்போது உட்கார்ந்தால் எழ முடிந்தது.

"இன்னைக்கு இந்த உயரம். கொஞ்ச நாள்ல ஒரு போர்வைய எடுத்துடலாம். அவ்ளோதான் விஷயம்."

"போன சதை திரும்பி வருமா கண்ணு?"

"பழைய மாதிரி வராதுங்க ஐயா. மருந்து இழுத்துக்கிட்டே இருக்கும், நாம விடாம புடிச்சுக்கிட்டே இருக்கணும். விடாம செஞ்சீங்கன்னா உங்க வேலைய நீங்களே பாத்துக்கலாம்."

பொய் சொல்லாத பதில். எனக்குப் பிடித்திருந்தது. இதற்குள் மூலையிலிருந்து ஒரு குரல்.

"அம்மிணி, எனக்கும் வரலையே."

சம்பந்தி இன்னொரு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு எழப் பார்த்துத் தோற்றிருந்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அவருக்கும் ஒரு போர்வை மடித்துப் போட்டாள்.

கைக்கும் தோளுக்கும் இழுத்துப் பழக ஒரு ரப்பர் பட்டை காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ரப்பரிலேயே வாழ்ந்த மனிதனிடம் ரப்பரைக் காட்டுகிறாள். வீட்டுக்கு வந்து கடையிலிருந்து பழைய ஸ்கூட்டர் ட்யூப்களைக் கொண்டுவரச் சொன்னேன். நீளமாக வெட்டி, கழுவி, பவுடர் போட்டு, ஜன்னல் கம்பியில் கட்டினேன். கடினமாக இழுக்க வேண்டுமானால் அகலமாக வெட்டுவது, இளக்கமாக வேண்டுமானால் ஒடுக்கமாக வெட்டுவது. அடுத்த முறை போகும்போது அவளிடம் காட்டினேன். இழுத்துப் பார்த்துவிட்டு, தனக்கும் கொஞ்சம் வெட்டித் தரச் சொன்னாள். மற்ற நோயாளிகளுக்குக் கொடுப்பாளாம். மகன் ஒரு பை நிறைய வெட்டி அனுப்பினான்.

அதிலிருந்து காலை வேளைகள் மாறிவிட்டன. பண்ணைக்குப் போகும் வழியில் சம்பந்தி வந்துவிடுவார். வாசலில் வேப்பமர நிழலில் இரண்டு நாற்காலி, மடித்த போர்வைகள். எழுவது, உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ட்யூபை இழுப்பது. பிறகு ஏரிக்கரை வரை ஒரு நடை. என் மனைவி கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்துவிட்டு மூன்றாவதாக ஒரு நாற்காலி போட்டுக்கொண்டாள். தெருவில் போகிறவர்கள் முதலில் நின்று பார்த்தார்கள். பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது.

முட்டை விஷயத்தில்தான் சண்டை. சதை நிற்க வேண்டுமென்றால் புரதம் வேண்டும், முட்டை சாப்பிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சம்பந்தி கொண்டுவருவார், ஆனால் அவர் தொடமாட்டார்.

"முப்பது வருஷமா அந்த வாசத்துலயே நிக்கறனுங்க. வாயில வெக்க முடியாது."

"அப்ப எனக்கும் வேண்டாமுங்க."

வேறு வழியில்லாமல் அவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். இப்போது மிளகுத்தூள் கேட்கிறார்.

எல்லா நாளும் இப்படிச் சிரிப்பாக இருக்கவில்லை. இந்த மருந்து மனதையும் இளக்கிவிடுகிறது. காரணமில்லாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஒருநாள் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, தாய் நாய் ஒன்று குட்டியைக் கவ்விக்கொண்டு சாலையைக் கடந்தது. அவ்வளவுதான், நான் நின்று அழ ஆரம்பித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. என் அப்பா போனபோதுகூட நான் அப்படி அழுததில்லை. சம்பந்தி என்ன ஏது என்று கேட்கவில்லை. கரைக்கல்லில் உட்கார வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓய்ந்த பிறகு, "வெக்கமா இருக்குதுங்க," என்றேன்.

"எதுக்குங்க வெக்கம்? எங்கூட்டுக்காரி போன பொறவு நான் பண்ணையிலதான் போயி அழுவேன். ஆயிரம் கோழி கத்தற எடத்துல நம்ம சத்தம் யாருக்குங்க கேக்கும்?" பிறகு அவரே சொன்னார். "நான் உங்களுக்காக மட்டும் வாரன்னு நெனைக்காதீங்க சம்மந்தி. காத்தால எந்திரிச்சா ஊடு வெறிச்சுன்னு கெடக்கும். இப்பப் போறதுக்கு ஒரு எடம் இருக்குது."

அன்றைக்குத்தான் அவரைப் பற்றி எனக்கு முதன்முதலாக ஏதோ தெரிந்தது.

கொஞ்சம் பலம் வந்ததும் புத்தி கெட்டது. போர்வைகள் இரண்டும் போய், வெறும் நாற்காலியிலிருந்தே கை ஊன்றாமல் எழுந்துகொண்டிருந்த நேரம். கடைக்குப் போயிருந்தேன். பழைய டிரைவர் ஒருவர் லாரியை நிறுத்திவிட்டு, "அண்ணே, நீங்க கை வெச்சாத்தான் இந்த நட்டு வரும்," என்றார். மரியாதைக்குச் சொன்னார். நான் எழுந்துபோய் ஸ்பேனரைப் பிடித்துவிட்டேன். மகன் உள்ளேயிருந்து "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிவருவதற்குள் முதுகில் பளீரென்று ஒன்று பிடித்தது. அப்படியே டயர் அடுக்கில் சாய்ந்துவிட்டேன்.

சேலம் போகிற வழி முழுக்க எலும்பு முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். முறியவில்லை. தசைப்பிடிப்பு, சில நாள் படுக்கை. டாக்டர் படத்தைக் காட்டி, இந்த எலும்பை வைத்துக்கொண்டு இனி ஒருநாளும் குனிந்து பாரம் தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பிசியோதெரபிப் பெண் வந்து என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று பயந்தேன்.

"நட்டுக் கழட்டுறதுக்கா இவ்ளோ நாள் பாடுபட்டோம்? அதுக்கு உங்க கடையில மெஷின் இருக்குமே ஐயா," என்றாள்.

இருந்தது. மகன் வாங்கி வைத்துத்தான் இருந்தான். காற்றில் ஓடும் துப்பாக்கி மாதிரியான கருவி, வைத்து அழுத்தினால் எந்த நட்டும் கழன்றுவிடும். நான்தான் அதைத் தொட்டதில்லை. படுக்கையில் கிடந்த நாட்களில் என் பலம் எதற்கு என்று யோசித்தேன். கழிப்பறைக்குப் போய்வர. பேரன் ஓடிவந்து மோதினால் விழாமல் நிற்க. சொந்தக் காலில் பஸ் ஏற. கடையில் உட்கார்ந்து டிரைவர்களோடு பேச. எண்ணிப் பார்த்தால் எதுவும் குறையவில்லை. சம்பந்தி அந்த நாட்களிலும் வந்தார். வாசலில் என் மனைவியோடு சேர்ந்து பயிற்சியை முடித்துவிட்டு, உள்ளே வந்து கட்டிலருகே உட்கார்ந்து முட்டை சாப்பிட்டுவிட்டுப் போவார்.

திரும்ப ஆரம்பிக்க ஒரு போர்வை போட வேண்டியிருந்தது. பிறகு அதுவும் போனது. ரத்தப் பரிசோதனையில் நோயின் அளவு தரையோடு தரையாகக் கிடக்கிறது. டாக்டர் அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொள்கிறார். எனக்கு அந்தத் தலையாட்டல் போதும்.

இந்த ஆடி முடிந்து கூட்டம் வடிந்த பிறகு, இரண்டு குடும்பமும் சேர்ந்து மேட்டூர் போனோம். அணை நிறைந்திருந்தது. ஆற்றுப் படித்துறையில் எல்லோரும் இறங்கினார்கள். நானும் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்த் தண்ணீரில் கால் வைத்தேன். குளிர்ந்த தண்ணீர் முழங்கால் வரை ஏறியது. பேரன் என் மேல் தண்ணீரை வாரி இறைத்தான். நெடுநேரம் நின்றேன்.

ஏற வேண்டிய நேரத்தில் படிகளைப் பார்த்தேன். உயரமான படிகள், பாசியும் இருந்தது. இரண்டு படி மேலே மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளையிடம் மாமனார் கை நீட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை.

"மாப்ள, கையக் குடுங்க. எனக்கு இதுல ஏற முடியாது," என்றேன்.

அவர் ஒரு கணம் திகைத்துப்போனார். உடனே இறங்கி வந்து கையைக் கொடுத்தார். படிப்படியாக நின்று நின்று ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. அவர் அவசரப்படவில்லை. மேலே வந்த பிறகும் கையை விடாமல் கொஞ்ச தூரம் நடந்தார். நானும் விடவில்லை.

கரையோரத்து மீன் கடையில் சம்பந்தி எங்களுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தார். அணை மீனைக் கல்லில் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார்கள். என் பங்கை ஆறாமல் இருக்க இலையால் மூடி வைத்திருந்தார். இந்தக் காரம் முட்டைக்குச் சேருமா என்று கடைக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் இலையைத் திறந்தேன். பசி நன்றாக எடுத்திருந்தது.